வேலிக்கு வெளியே ஒரு சுமைதாங்கி

எங்கே தார் காய்ச்சினாலும் எனக்கு மஞ்சள் வாசனையும் சேர்ந்தே வருகிறது. முதலில் கரும்புகை மூக்கில் ஏறும். அதன் பின்னாலேயே, நனைந்த கல்லில் அரைத்துப் பூசிய மஞ்சள், யாரும் கூப்பிடாமல் வந்து நிற்கும். போன வாரம் விழுப்புரத்தில் மழைக்குப் பின் பள்ளங்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புகை வந்ததும் என் கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிட்டது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், நடுரோட்டுல தவமா? ஜல்தி வண்டிய எடுங்க" என்றார். எடுத்தேன். ஆனால் மனசு வேறு சாலைக்குப் போய்விட்டிருந்தது. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற சாலை. அதை அகலப்படுத்திய வருஷம்.

நான் மருந்துக் கம்பெனி ரெப். காலையில் விழுப்புரத்தில் மூன்று டாக்டர், சாயங்காலம் திண்டிவனத்தில் நான்கு டாக்டர், நடுவில் வெயில். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். வீட்டில் சாப்பிடும்போதுகூட ஒரு கால் செருப்பில் இருக்கும் என்று என் மனைவி சொல்வாள். ஆனால் கல்லைக் கண்டால் நின்றுவிடுவேன். அது எப்போது தொற்றிக்கொண்டது, தெரியவில்லை. மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல், எழுத்து தேய்ந்த பழைய மைல்கல், ஏரி மதகில் பதித்த கல், எங்கள் தெரு மாதா கெபியின் அடியில் உபயம் கொடுத்தவர் பேரைச் சொல்லும் சலவைக்கல், வயல் நடுவே யாரோ ஒரு வீரன் வாளோடு நிற்கும் பலகைக்கல். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்குவேன். ஒரு போட்டோ. பை ஓரத்தில் இருக்கும் நோட்டில் இரண்டு வரி. கவிதை என்று நான் சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிரம்மதேசத்தில் சோழர் காலத்துக் கோயில் இருக்கிறது. அதன் வாசலில் நீலப் பலகை இருக்கிறது. கல்லைச் சிதைத்தால் இன்ன தண்டனை என்று பலகை மிரட்டும். ராஜா வைத்த கல்லுக்குக் காவல் உண்டு. நான் சொல்லவந்த கல்லுக்குப் பலகை இல்லை.

அது ஒரு சுமைதாங்கி. இரண்டு கல்லை நிறுத்தி நட்டு, அவற்றின் தலைமேல் ஒரு நீளக் கல்லைக் குறுக்கே படுக்கவைத்திருந்தது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அதன்மேல் சரித்துவிடலாம். மூச்சு வாங்கலாம். பிறகு குனியாமல், கூப்பிடாமல், மறுபடி தலைக்கு வாங்கிக்கொண்டு நடக்கலாம். வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வைப்பது இது. இறக்கிவைக்க முடியாமலே போய்விட்டாள் அல்லவா, வழியில் வருகிறவர்கள் ஒவ்வொரு முறை சுமையை இறக்கும்போதும் அவளுடையதும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அந்தக் கல் யாருக்கானது என்பதுதான் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை அந்த வழியாக வந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடத்துத் தண்ணீரைச் சரித்துச் சரித்து அந்தக் கல்லைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் முள்வேலி, வேலிக்குப் பின்னால் மல்லாட்டைச் செடி, வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர். நான் போட்டோ எடுத்தேன்.

"இன்னாத்துக்குக் கல்லப் போட்டோ புடிக்கிறீங்க? ரோட்டு ஆபீஸா?"

"இல்லக்கா. மருந்துக் கம்பெனி."

"கல்லுக்கு இன்னா மருந்து?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மஞ்சளைக் குழைத்துக்கொண்டே இருந்தார். உங்கள் சொந்தக்காரங்களுக்கு வெச்சதா என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரோட சம்சாரம்."

"அப்போ நீங்க?"

"நானுந்தான்."

அப்போதுதான் சிரித்தார். முகம் முழுக்கச் சிரிக்கிற ஆள். முதல் மனைவி ஏழாம் மாதத்தில் நோவு கண்டு, மாட்டுவண்டியில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, இந்த இடத்தில் வண்டியிலேயே போய்விட்டாள். ஒரு வருஷம் கழித்து இவர் வாழ வந்தார். வந்த அன்றைக்கே மாமியார் இங்கே கூட்டிவந்து, இது உன் அக்கா, கும்பிடு என்றாராம்.

"மொதல்ல பயம், தம்பி. மூத்தவ எளயவள வுடமாட்டாம்பாங்களே. வெள்ளிக்கெழமன்னா கல்ல நிமுந்து பாக்காம தண்ணிய ஊத்திட்டு ஓடியாந்துடுவேன். அப்புறம் எனுக்கே மாசமாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறப்போ இங்க வண்டிய நிறுத்தச் சொல்லி, இந்தக் கல்லத் தொட்டுட்டுப் போனேன். ரெண்டு புள்ள. ரெண்டு தபாவும் தொட்டுட்டுத்தான் போனேன். திரும்பி வந்தேன் இல்ல?"

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது அங்கே என் வண்டி நிற்கும். அந்த அக்கா இருந்தால் பேச்சு. இல்லாவிட்டால் கல். வெயில் ஏறுவதற்கு முன் மேல்கல் குளிர்ந்திருக்கும். கன்றுக்குட்டியின் முதுகைத் தொடுவதுபோல இருக்கும். இப்போது யார் தலைச்சுமை தூக்குகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். தூக்காமலா என்றார். "புல்லுக்கட்டு இல்லியா, கேப்பத் தட்டு இல்லியா? பஸ்ஸு எறங்கறவங்க பைய வெக்கறாங்க. பால்காரரு கேன வெச்சிக்கினு போன்ல சண்ட போடறாரு. எல்லாம் சுமதான்."

பிறகு ஒரு நாள் கல்லில் சிவப்புப் பெயின்டில் ஒரு அம்புக்குறி போட்டிருந்தது.

சாலை அகலமாகிறது. இரண்டு பக்கமும் மரம், குழாய், கல், பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் சிவப்பு. வேலை பார்க்கிற சூப்பர்வைசர் நல்ல மனுஷர்தான். சாமி என்றால் பூசை போட்டு மாற்றிவைக்க வழியிருக்கிறது, இது சாமியும் இல்லை, யார் கணக்கிலும் இல்லை, மண்ணோடு போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பொக்லைன் அந்த வளைவுக்கு வர மூன்று வாரம் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரரை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். ஒல்லி, தலையில் துண்டு, பேச்சு குறைவு. வேலி ஓரமாக உட்கார்ந்து பீடி பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கல்லைப் பெயர்த்து மோட்டார் கொட்டகைப் பக்கம் வைத்துவிடலாம், வயலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

"வேலிக்குள்ள வெச்சா எவன் வந்து எறக்குவான்? உங்க மோட்டாரா எறக்கும்?" என்றார் அக்கா. "அவ ரோட்டுமேலதான் நிக்கணும். நாலு பேரு கை படணும். இல்லாங்காட்டி அது வெறுங்கல்லு."

வீட்டுக்காரர் பீடியைக் காதில் செருகிக்கொண்டார். எழுந்து தண்ணீர் மாற்றிவிடப் போய்விட்டார்.

"ஏன் தம்பி, நீங்க எழுதற ஆளாச்சே. ஒரு மனு எழுதித் தர்றீங்களா?"

இந்த உலகத்தில் என்னை எழுதுகிற ஆள் என்று சொன்ன முதல் மனுஷி. அந்த இடத்திலேயே என் புத்தி கெட்டுவிட்டது என்று இப்போது தெரிகிறது.

ராத்திரிவரைகூடப் பொறுக்காமல், மறுநாள் பகலிலேயே, திண்டிவனத்தில் ஒரு டாக்டருக்காகக் காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் எழுதினேன். எப்பேர்ப்பட்ட மனு! இது ஒரு வீட்டுப் பெண்ணுக்காக அவள் புருஷன் வைத்த கல் என்று எழுதியிருந்தால் அரைப் பக்கம்கூட வந்திருக்காது. நான் பேனாவை அவிழ்த்துவிட்டேன். பல நூற்றாண்டுகளின் பெருமூச்சைச் சுமந்து நிற்கும் தொன்மைச் சின்னம் என்று எழுதினேன். மன்னர்களின் படைகள் இதன் நிழலில் இளைப்பாறின என்று எழுதினேன். தோளுயரக் கல்லுக்கு எவ்வளவு நிழல் விழும் என்று யோசிக்கவில்லை. வரலாறு என்று போட்டால்தான் ஆபீஸில் காகிதம் நகரும், வெறும் துக்கம் என்று போட்டால் நகராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எழுத எழுத எனக்கு இனித்தது. அதுதான் காரணம்.

படித்துக் காட்டினேன். அக்கா கவனமாகக் கேட்டார்.

"நூத்தாண்டா?"

"அப்படி எழுதினாத்தான் எடுபடும்க்கா."

"நம்ம அக்காவுக்கா?"

"கல்லுக்கு."

காகிதத்தை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டார். பிறகு, எழுத்துக்கூட்டிப் பழகிய கையெழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மனு எடுபட்டது. என் ஆயுசில் நான் எழுதியவற்றில் எடுபட்டது அது ஒன்றுதான். பத்தாம் நாள் விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன், போன்.

"தம்பி, எங்க இருக்கீங்க? ஒடனே வாங்க. உங்க நூத்தாண்டு வண்டி எடுத்துக்கினு வந்திருக்குது."

போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மினி லாரி. அதில் வைக்கோல், கயிறு. தொல்லியல் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பெரியவர் கண்ணாடி போட்டவர், சின்னவர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். இத்தனை பழைய சின்னம் சாலை வேலையில் உடைந்துவிடக் கூடாது, பழஞ்சிலைகளை வைத்திருக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பாதுகாப்பாக வைக்கப்போகிறோம் என்றார் பெரியவர். மரியாதையாகத்தான் சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் கேட்டதைத்தான் அவர் செய்ய வந்திருந்தார். மூன்று வாரத்தில் மண்ணோடு போயிருக்க வேண்டிய கல்லை, என் எழுத்து பத்தே நாளில் லாரி ஏற்றப் பார்த்தது.

கொட்டகையில் பூட்டு இருக்கும். கம்பி இருக்கும். யாரும் ஒரு பையைக்கூட இறக்க முடியாது.

"இது யாரோட கல்லுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றார் கண்ணாடிக்காரர்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் மனு பொய்யாகும், கையெழுத்து அவருடையது. சொல்லாவிட்டால் கல் போகும்.

அவர் வேலியைத் தாண்டிப் போய்க் களைக்கொத்தை எடுத்து வந்தார். மேல்கல்லின் முகத்தில் சுரண்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாட்டுக்கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது இந்தக் கல்லுக்கும் ஒரு பூச்சு அடிப்பது அந்த வீட்டு வழக்கம். மரியாதைக்காக அடித்து அடித்து, எழுத்தை அவர்களே மூடிவிட்டார்கள். அதற்கு மேல் மஞ்சள், மஞ்சளுக்கு மேல் சுண்ணாம்பு. பாளம் பாளமாக உதிர்ந்தது. வெள்ளை, மஞ்சள், வெள்ளை, மஞ்சள். அவருடைய அத்தனை வருஷமும் அப்படியே அடுக்கடுக்காகக் கீழே விழுந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டினார்.

முதலில் ஒரு பெண்ணின் பேர் வந்தது. பிறகு புருஷன் பேர். பிறகு வருஷம்.

கண்ணாடிக்காரர் குனிந்து வருஷத்தைப் படித்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"யோவ், இது வெச்ச வருஷம் நான் எட்டாங்கிளாஸ்யா" என்றார் சின்னவரிடம்.

பிறகு ஃபைலில் இருந்த மனுவைப் பிரித்து, தந்தி படிக்கிற குரலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். "மன்னர்களின் படைகள் இதன் நிழலில்…" லாரி டிரைவர் கல்லையும் அதன் நிழலையும் மாறி மாறிப் பார்த்தார். யார் எழுதியது இது என்று கேட்டார் பெரியவர். நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"எழுதனது அவரு, கையெழுத்து போட்டது நானு" என்றார் அக்கா. "அவரு மேல கோச்சிக்காதீங்க. எங்களுக்காவ கொஞ்சம் தூக்கலா எழுதிட்டாரு. இவ ராசா வூட்டுப் பொண்ணு இல்லீங்க. இந்தக் கழனில களையெடுத்தவ. என் மூத்தவ. எனுக்கு முன்ன இந்த வூட்ல வெளக்கேத்தனவ. அவள எங்கயும் இட்டுக்கினு போவாதீங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பேரை ஒருமுறை படித்தார். பிறகு, எழுத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தன் கட்டைவிரலால் தேய்த்துத் துடைத்தார். இது எங்கள் பட்டியலில் வராது அம்மா, உங்கள் நிலத்தில் வைத்துக்கொண்டால் கேட்பாரில்லை, ரோட்டு அளவுக்குள் மட்டும் கூடாது, சூப்பர்வைசரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றார். மனுவை நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். "நல்லா எழுதறீங்க. மனு எழுதாதீங்க."

லாரி வைக்கோலோடு திரும்பிப் போனது.

ஆக, இடம் ஒன்றுதான் பாக்கி. ரோட்டு அளவு வேலிவரைக்கும் வருகிறது. ரோட்டில் வைக்க முடியாது, வேலிக்குள் வைக்கக் கூடாது. அக்கா எளிதாகச் சொல்லிவிட்டார்: வேலியை உள்ளே தள்ளு. அவள் நிற்கிற அளவுக்கு, அவளிடம் சுமை இறக்குகிற ஒருத்தர் நிற்கிற அளவுக்கு, வேலி வளைந்து போகட்டும்.

"மூணு சால் மல்லாட்டை போவுது" என்றார் வீட்டுக்காரர்.

"போவட்டும்."

"லாரி வந்து இடிச்சா?"

"கல்லுக்கு இன்னா, இடிச்சா திருப்பி நிறுத்தறது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி ஒரு பேச்சு வந்தது. எங்கள் இருவரையும் பார்க்காமல், சாலையைப் பார்த்துச் சொன்னார்.

"ரோட்லயே போனவதான அவ. வூட்டுக்குக் கொண்டாரணும்னு பாத்தேன். இனிமேட்டும் ரோட்லயே நிக்கணுமா?"

இத்தனை நாள் அவர் கல்லுக்கு இடம் விடாமல் நிலத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார் போல. குரல் இறங்கிவிட்டது.

"கொண்டாந்து வூட்ல வெச்சா, நீங்க ஒருத்தர்தான் அவளப் பாப்பீங்க. உங்களுக்கும் எனுக்கும் அப்பறம்? நம்ம பசங்க மெட்ராஸ்ல கீறாங்க. ரோட்ல இருந்தா போறவன் வர்றவன் தொட்டுக்கினே இருப்பான். அவ தனியா இருக்கமாட்டா."

வீட்டுக்காரர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், முதல் வேலிக்காலைத் தானே பிடுங்கினார்.

கல் நகர்ந்த நாளில் நான் லீவு போட்டேன். கம்பெனிக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். ஒரே இடத்தில் நாள் முழுக்க நின்றதில் அது பாதி உண்மையாகவே ஆயிற்று. சாலையெல்லாம் தார் புகை. பொக்லைன் ஓட்டியவர் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து ஆள், கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர். குழந்தையைத் தூக்குவதுபோல அந்த மேல்கல்லைத் தூக்கினார். கால்கல் இரண்டையும் புதுக்குழியில் இறக்கி, ஜல்லி போட்டு இறுக்கி, மேல்கல்லைப் படுக்கவைத்தபோது, அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"குட்டையாப் போச்சு."

"ஆத்தா, ஆழமா நட்டாத்தான் நிக்கும்."

"நிக்கறதுக்கா வெச்சது? எறக்கறதுக்கு வெச்சது. இவ்ளோ பள்ளத்துல இருந்தா தலைச்சுமையோட குனியணும். கழுத்து போயிடும்."

"எவ்ளோ ஒசரம் வேணும், அளவு சொல்லு."

"அளவு என் தோள்ல இருக்குது."

வயலுக்குள் போனார். வரப்புப் புல்லை அறுத்துக் கட்டு கட்டினார். ஒரு கட்டு, நல்ல கனம். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தார். வீட்டுக்காரர் கட்டைத் தூக்கி விட்டார். அக்கா சாலையில் இருபது தப்படி தள்ளிப்போய், திரும்பி, கையை வீசிக்கொண்டு நடந்து வந்தார். கல்லிடம் வந்து பக்கவாட்டில் நின்று கழுத்தைச் சாய்த்தார். கட்டு சரியவில்லை, விழுந்தது. இரண்டு சாண் கீழே போய் மேல்கல்லில் மோதி, சாலைக்கு உருண்டது.

பொக்லைன்காரர் வண்டியை அணைத்துவிட்டுக் கும்பிட்டார். "சரி ஆத்தா. பேஜாரு புடிச்ச அளவுதான். திருப்பிப் போடறேன்."

இரண்டாம் முறை குழியில் கல் பரப்பி உயர்த்தினார். மறுபடி கட்டு, மறுபடி இருபது தப்படி. இந்த முறை அக்கா கல்லை நெருங்கும்போது அவர் கால் ஜல்லியில் லேசாக வழுக்கியது. வீட்டுக்காரரும் நானும் ஒரே நேரத்தில் கையை நீட்டிக்கொண்டு ஓடினோம்.

"கை வெக்காதீங்க! யாரும் கை வெக்காதீங்க. அதுக்குத்தான இது."

நின்றுவிட்டோம். அவர் கழுத்தைச் சாய்த்தார். கட்டு தலையிலிருந்து நகர்ந்து, தோளைத் தொட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் கல்லின்மேல் போய் அமர்ந்தது. அக்கா கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விட்டார். யாருடைய மூச்சோ. எனக்கு வரி எதுவும் தோன்றவில்லை. நோட்டை எடுக்கவுமில்லை.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, சுரண்டிய எழுத்துகள் சாலையைப் பார்த்து இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். இருந்தன. தன் துண்டால் அந்தப் பேரை மட்டும் துடைத்தார். இனிமேல் அந்தப் பக்கத்துக்குச் சுண்ணாம்பு கிடையாது, முதுகுக்கு மட்டும்தான் என்று அங்கேயே முடிவானது.

கம்பெனி என்னைப் பாண்டிச்சேரிப் பக்கம் மாற்றியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அந்தச் சாலை என் வழியில் இல்லை. சொன்னேன். அக்கா ஒரு பை நிறைய பச்சை மல்லாட்டையை மண்ணோடு கொண்டுவந்து வண்டி முன்னால் மாட்டினார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா. நான் கிக்கரை உதைத்தேன்.

"தம்பி, நீங்க இத எழுதுவீங்க. எனுக்குத் தெரியும்."

"எழுதட்டுமா?"

"எழுதுங்க. பேரு வேணாம். ஆனா வயச மட்டும் ஏத்தி எழுதிடாதீங்க. போறப்போ அவளுக்கு இருவத்திரண்டுகூட முடியல."

"இல்லக்கா, ஏத்தமாட்டேன்."

"ம். பாத்துப் போங்க, வளைவாண்ட ஜல்லி கொட்டிக் கெடக்குது."